மூன்று மூடி வாசனை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீயாக எழுதினால்தான் உண்டு, ஏனென்றால் ஏழு மாதமாக உன் முகத்தைப் பார்த்து நானாகத் தெரிந்துகொள்ள நீ வழி வைக்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் உன் அறையின் மேல்கூரை தெரிகிறது, அதில் சுற்றும் மின்விசிறி தெரிகிறது, நீ மட்டும் தெரிவதில்லை. முகம் என்று நான் வாயெடுத்தாலே, அம்மா அடுப்புல பால் வெச்சிருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஏழு மாதமாக உன் வீட்டில் பால் பொங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கடிதம். போனை வைப்பது மாதிரி கடிதத்தை வைக்க முடியாது, வைத்தாலும் மேசையிலேயே கிடக்கும், என்றைக்காவது மீதியைப் படித்துத்தான் ஆகவேண்டும். இது ஒரு பொட்டலத்துக்குள் வருகிறது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். எழுந்து போய் உன் தலையணை உறையை உருவிக் கீழே போடு, பீரோவில் நான் அனுப்பிய மற்ற உறைகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போடு. ஏன் எதற்கு என்று கேட்காதே. போட்டுவிட்டு வந்து படி.

தம்பியின் கல்யாண ஆல்பம் ஒருவழியாகப் போன வாரம் வந்து சேர்ந்தது. இந்தப் போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேரப்பிள்ளை படத்தையும் சேர்த்தே ஒட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடத்தில் கூடி உட்கார்ந்தோம். அப்பா முழங்காலில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில், தம்பியும் அவன் பெண்டாட்டியும் கீழே தரையில், உன் பெரிய அத்தையும் வந்திருந்தாள், அவள் வந்தால் அவள் வாயும் கூடவே வந்துவிடுமே. பக்கம் பக்கமாகப் புரட்டிக் குடும்பப் படத்துக்கு வந்ததும் அத்தை விரலை உன்மேல் வைத்தாள், இங்க பாருங்க, நம்ம பெரியவ முகம் எப்படிப் பளிங்கு மாதிரி ஆயிடுச்சு, நான் சொன்னேனே எலுமிச்சம்பழத்த வெட்டித் தேய்க்கச் சொல்லி, தேய்ச்சிருக்கா பாரு என்றாள். அவள் விரல் நகத்துக்கு அடியில் காலையில் தின்றதன் மிச்சம் இருந்தது. அப்பாவும் தலையை ஆட்டினார், நல்லாத்தான் இருக்கு என்றார். தம்பி பெண்டாட்டி மட்டும் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, அண்ணியோட மச்சம் எங்க அத்தை என்று கேட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். கீழுதட்டுக்குக் கீழே இடப்பக்கம் நீ பிறக்கும்போதே கொண்டுவந்த மச்சம் அங்கே இல்லை. மச்சம் மட்டுமில்லை, மூக்கோரத்து மடிப்பு இல்லை, நெற்றியில் சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்ட தழும்பு இல்லை, சிரித்தால் கண்ணோரம் விழும் கோடு இல்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் நாங்கள் வெளுத்து அடுக்கி வைக்கிற தலையணை உறை மாதிரி ஒரு வெள்ளைத் துணியில் யாரோ இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்து வைத்தது போல் இருந்தது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அத்தை கூடத்தில் இருந்து எலுமிச்சம்பழத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அருவருப்பு அந்தப் படத்தின்மேல் இல்லை, போட்டோக்காரர்மேலும் இல்லை, அவர் பாவம் சொன்னதைச் செய்தவர். சொன்னது நான். மூன்று தடவை போன் போட்டுச் சொன்னேன், மூத்த பொண்ணு முகத்த மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க என்று. சுத்தம் என்ற அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். அவர்கூடக் கேட்டார், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா மேடம் என்று. அதெல்லாம் வேண்டாம், அவ ஒண்ணும் சொல்லமாட்டா என்றேன். நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்பது எனக்கு அவ்வளவு நிச்சயம்.

இத்தனை எழுதியபிறகு இன்னொன்றையும் மென்று முழுங்காமல் எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நின்றபோது நீ முன்வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். நான் உன் முழங்கையைப் பிடித்து, கொஞ்சம் பின்னால போய் நில்லும்மா, விளக்கு உன் முகத்துல நேரா விழுது என்றேன். உதவி செய்வதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். நீ சரிம்மா என்று சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் போய் முகம் மட்டும் தெரிய நின்றாய். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் உன் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் போகவேண்டியவள் ஏன் அன்று சாயங்காலமே கிளம்பினாள் என்று இந்த ஏழு மாதமாக எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாத மாதிரி. எனக்குத் தெரியும். நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போட்டோக் கடைக்குப் போனேன். துடைக்காத படம் வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், போன மாசம்தானே மேடம் துடைக்கச் சொன்னீங்க என்றார். துடைக்கச் சொன்ன வாய்தான் இப்போது கேட்கிறது, எடுங்கள் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருடைய பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். நாற்பது படத்தில் நீ இருக்கிறாய். முப்பத்தொன்பதில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய், அல்லது கையை வைத்து மறைத்திருக்கிறாய், அல்லது எவனாவது ஒருத்தன் தோளுக்குப் பின்னால் இருக்கிறாய். ஒரே ஒரு படம்தான், தம்பி தன் செருப்பு வாரைத் தானே மிதித்துத் தடுமாறுகிறான், நீ வாயைத் திறந்து சிரிக்கிறாய், யார் பார்க்கிறார்கள் என்று ஒரு நொடி மறந்துவிட்டாய். போட்டோக்காரர் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். நான் பூசிவிட்ட பவுடர் வேர்வையில் வழிந்து போயிருந்தது. முதலில் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டேன், உண்மையைச் சொல்கிறேன். தாடையெல்லாம் பரு, சிவந்து, தடித்து, சிலது பழுத்து, சிலது உடைந்து, பழையது கறுத்து. உனக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும், அதைப் பார்த்துக் கூசிய கண்ணைக் குத்திக்கொள்ளலாம் போல் இருந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். போட்டோக்காரர் டீ வாங்கி வந்து வைத்தார், அது ஆறி ஏடு கட்டியது.

இருபத்தாறு வருஷமாக ஓட்டல் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவளுக்குக் கண் ஒரு விதமாகத்தான் வேலை செய்யும். மாடியில் இருந்து தள்ளுவண்டியில் இறங்குகிற அழுக்குத் துணியை மேசையில் கொட்டிப் பிரிக்கும்போது நாங்கள் முகம் பார்ப்பதில்லை, கறையைப் பார்க்கிறோம். சிலதை எழுதினால் நீ சாப்பிடமாட்டாய். எச்சில், மூக்குச்சளி, தலைச்சாயம், உதட்டுச்சாயம், என்ன என்று கேட்கவே வேண்டாத வேறு சிலது. எது எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்தாலே தூங்கினவர் எப்படிப் படுத்தார், வலதுகையா இடதுகையா, அழுதாரா என்றுகூடச் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் தெரிந்தது, உன் வலது கன்னத்தில் இருப்பதைப் போல இரண்டு பங்கு இடது கன்னத்தில் இருக்கிறது. தாடை எலும்பில் இருந்து காதுக்கு அடிவரை, ஓரம் வெட்டினது மாதிரி. நீ தொட்டிலில் இருந்தே இடப்பக்கம் ஒருக்களித்து, கையை மடக்கி முகவாய்க்கு அடியில் வைத்துத்தான் தூங்குவாய். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கறை வந்தால் துணியைத் திட்டாதே, அந்த இடத்தில் எது படுகிறது என்று பார் என்று புதிதாக வருகிறவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். உன் இடது கன்னத்தில் தினமும் எட்டு மணி நேரம் எது படுகிறது. நான் அனுப்புகிற உறை.

உனக்கே தெரியும், ஓட்டலில் ஓரம் கிழிந்தால் உறையைக் கழித்துவிடுவார்கள், வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் அதில் நல்லதாகப் பொறுக்கி ஓரம் தைத்து உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நீ எப்போது புது வைத்தியம் ஆரம்பித்தாலும் ஆறு உறை, பழசில் கிருமி இருக்கும் என்று. எப்போது முகம் தெளிந்தாலும் இன்னொரு ஆறு, சந்தோஷத்தில். சும்மா அனுப்பவில்லை. கடைசி அலசலில் துணி மெத்தென்று ஆவதற்கு வாசனைத் திரவம் ஊற்றுவோமே, ஒரு மெஷின் முழுக்க இருக்கிற துணிக்கு அளவாக ஊற்றுவோம், உன் ஆறு உறைக்குத் தனி வாளி வைத்து மூன்று மூடி ஊற்றினேன். பிறகு கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி. அது முடிந்ததும் மறுபடி அலசவே மாட்டேன், வாசனை போய்விடுமாம். பிரிச்சதும் அம்மா வாசனை வருது என்று நீ ஒருதடவை போனில் சொன்னாய், அதற்கு அப்புறம் மூன்று மூடி நாலு மூடியானதும் உண்டு. அப்பா ஒருநாள் தும்மிக்கொண்டே, இது தலையணை உறையா இல்ல மயக்க மருந்தா என்று கேட்டார். அவர் வாயை அடைத்தேன். அந்தப் பிசுக்கில், அந்தக் கஞ்சித்தூளில், இத்தனை வருஷமாக நீ கன்னத்தை வைத்து அழுத்திப் படுத்திருக்கிறாய். இதை எழுதும்போது என் கையை நானே முகர்ந்து பார்த்தேன், அதே வாசனை, எனக்கு உவ்வே என்று வருகிறது.

புதன்கிழமை அந்தப் படத்தையும் வீட்டில் மிச்சமிருந்த ஒரு உறையையும் பையில் போட்டுக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். நம் தெருக் கோடியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் புதிதாக வந்திருக்கிறார்கள். என் முறை வந்து உள்ளே போனதும் பேஷன்ட் எங்க என்றார்கள். பேஷன்ட் தூரத்துல இருக்கா, நான் அவ அம்மா என்று சொல்லி உறையை மேசைமேல் விரித்தேன். டாக்டரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள், அறை முழுக்க வாசனை. போட்டோவப் பாத்து நான் மருந்து எழுதமாட்டேன் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். எழுத வேண்டாம், விளங்கச் சொல்லுங்கள் போதும் என்றேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் சேர்த்தது ஒன்றும் இல்லை. முப்பது வயதுக்குமேல் பெண்களுக்குத் தாடையில் வருகிற இந்த வகை பெரும்பாலும் உள்ளே ஹார்மோன் சம்பந்தப்பட்டது, அழுக்கால் வருவதில்லை, கழுவாததால் வருவதில்லை, தின்பண்டத்தைப் பழிபோட்டுக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கூடுதல் என்றால் அந்தப் பக்கம் படுகிறதையும் சந்தேகப்படலாம், தலையணை ஒன்று, போன் ஒன்று, ஆனால் அதுதான் காரணம் என்று ஒரு படத்தை வைத்துச் சொல்லமாட்டேன், எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் உரசுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். போனை எந்தக் காதில் வைப்பாள் என்று கேட்டார்கள். இடது காதில்தான். தினமும் ஒரு மணி நேரம் அந்தக் காதில் யார் பேசுவது என்று கேட்கவில்லை, நல்லவேளை.

அதற்கப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். எத்தனை தடவை வைத்தியம் ஆச்சு, ஒவ்வொரு தடவையும் எப்போது நிறுத்தினாள் என்று கேட்டார்கள். முதல் தடவை நாலு மாதம் களிம்பு போட்டு முகம் தெளிந்தது, இரண்டாம் தடவை மாத்திரையும் சேர்த்து ஆறு மாதத்தில் தெளிந்தது, தெளிஞ்சதும் நிறுத்திட்டா என்றேன். யார் நிறுத்தச் சொன்னது, அவங்க டாக்டரா என்றார்கள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்கள். நான்தான் என்றேன். நல்லாயிடுச்சுல்ல, இனி எதுக்கு மருந்து, உடம்பு சூடாகும் என்று இரண்டு தடவையும் நான்தானே போனில் உன்னைப் போட்டு அரித்தேன். தெளிந்ததுக்கு அப்புறமும் மெல்லிசாக ஒன்றைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கவேண்டிய நோய் இதும்மா, தெளிஞ்சது வேற, போயிடுச்சுங்கிறது வேற என்றார்கள். இதையாவது நான் யாரையும் கேட்காமலே தெரிந்துகொண்டிருக்கலாம். காய்ந்த துணியில் இல்லாத கறை இஸ்திரிச் சூட்டில் மேலே ஏறி வருவதை நாளைக்கு நாலு தடவை பார்க்கிறவள் நான்.

வியாழக்கிழமை காலையில் சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், ஒரு மேசைவிரிப்பை வைத்துப் பிரஷ்ஷால் பறட்டுப் பறட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் போய்க் கையைப் பிடித்து, தேய்க்காதீங்கம்மா, ஊற வைங்க, தேய்ச்சா கறை போகாது, துணிதான் போகும் என்றேன். இருபத்தாறு வருஷமாகச் சொல்லுகிற வார்த்தை, சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறோம். சொல்லிமுடித்ததும் உன் ஞாபகம் வந்தது. முதல் வைத்தியம் முடிந்து மறுபடி வந்த வருஷம் நீ லீவில் வந்திருந்தாயே, உன்னைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்துத் துணி சோப்பைக் குழைத்து, அந்தச் சொரசொரத்த துண்டால் உன் கன்னத்தைத் தேய்த்தேனே. எரியுதும்மா என்றாய், எரிஞ்சாத்தான் போகும் என்றேன். நீ இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் சொல்கிறவள், அம்மா கையைத் தட்டிவிடாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஊரான் வீட்டு மேசைவிரிப்பைத் தேய்க்கக்கூடாது என்று தெரிந்த எனக்கு உன் முகத்தைத் தேய்க்கக்கூடாது என்று தெரியவில்லை. அப்படித் தேய்த்ததற்கு அப்புறம், மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உன் துண்டைக் கதவுக்குப் பின்னால் தனி ஆணியில் மாட்டச் சொன்னேன், அது இன்னமும் இருக்கிறது, அந்த ஆணி. வியாழக்கிழமை சாயங்காலம் வந்ததும் குறடு எடுத்துப் பிடுங்கினேன். சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது, அப்பா எதற்கு என்று கேட்டார், நான் காரையைக் கூட்டி அள்ளினேன்.

என்மேல் எனக்கு இருக்கிற அருவருப்பைக் கழுவிக்கொள்வதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது என் அழுக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதுவது எதற்கென்றால், வகுப்பு எடுக்கிற வேலையை விட்டுவிட்டு உள்ளறையில் தாள் திருத்துகிற வேலைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாய், மாத முடிவில் கையெழுத்துப் போடவேண்டும் என்று தம்பி சொன்னான். மூன்றாவது வைத்தியத்தையும் பாதியில் விட்டுவிட்டாய், இனி இதுதான் என் மூஞ்சி, யாரும் பாக்கவேண்டாம் என்று அவனிடம் சொன்னாயாம். யாரும் பார்க்கவேண்டாம் என்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது உன் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் யாராவது உன்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்களா. நான் சொன்னேன். ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஒன்றை மட்டும் யோசித்துப் பார், தாள் திருத்துவது உனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை அந்த அறையில் ஜன்னல் கிடையாது என்பதாலா. பிடித்திருந்தால் போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

வைத்தியத்துக்கு மறுபடி போ. போகும்போது இரண்டு தடவையும் தெளிந்ததும் நிறுத்தியதைச் சொல், நிறுத்தச் சொன்னது அம்மா என்றும் சொல், எனக்கு மானம் போகாது. துண்டு, சோப்பு, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் சொல். தெளிந்தபிறகு எதை எவ்வளவு நாள் போடவேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள். இனி வரவே வராது என்று எவராவது சத்தியம் செய்தால் அந்த இடத்தில் இருந்து எழுந்து வந்துவிடு, திரும்ப வரலாம் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார்கள், வந்தால் அது உன் குற்றம் இல்லை என்றும் சொன்னார்கள். கிள்ளாதே. நான் கிள்ளுவேன் என்று வந்தால் கையைத் தட்டிவிடு. பெரிய அத்தை அடுத்த வாரம் உனக்குப் போன் செய்வாள், ஆல்பத்தில் பார்த்த முகத்தைப் பற்றிப் பேசுவாள், எடுக்காதே, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல். தம்பி பெண்டாட்டி அவளை நேருக்கு நேராக, பெரியம்மா நீங்க எலுமிச்சம்பழத்த சாதத்துல பிழிஞ்சுக்குங்க, அண்ணி மூஞ்சில வேண்டாம் என்று கேட்டுவிட்டாள். வீட்டில் மூன்று நாள் ஒரே ரகளை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஏழு மாதமான அவளுக்கு உன் மச்சம் எங்கே என்று தெரிந்திருக்கிறது.

இனி பொட்டலம். உள்ளே நாலு உறை இருக்கும். புதுத்துணி எடுத்து நானே தைத்தேன். மூன்று தடவை வெறும் தண்ணீரில் அலசினேன், கஞ்சி இல்லை, இஸ்திரி இல்லை, கொடியில் காற்றில் காய்ந்தது. முகர்ந்து பார், ஒன்றும் இருக்காது. அம்மா வாசனை இல்லையே என்று தேடாதே, அந்த வாசனை கடையில் வாங்கினது. இரண்டு நாளைக்கு ஒன்று மாற்று, அங்கே துவைக்கும்போதும் வாசனை எதுவும் ஊற்றாதே. பழசைத் தூக்கிப் போட மனசு வரவில்லை என்றால் தரை துடைக்க வைத்துக்கொள். உறைகளுக்கு நடுவில் நீ சிரிக்கிற அந்தப் படம் ஒன்று இருக்கும், துடைக்காதது, பருவும் மச்சமும் தழும்பும் எல்லாம் இருக்கிறது. அதே படத்தில் இன்னொன்றைப் பெரிதாகப் போட்டு வாங்கி, ஆல்பத்தில் முதல் பக்கத்தில் நானே ஒட்டிவிட்டேன். அந்தப் பளிங்குப் பொம்மை இருந்த பக்கத்தை அப்பா பிய்த்தார், முழங்கால் வலியையும் மறந்து அதற்காக எழுந்து வந்தார். இது யாரு பொண்ணோ, நம்ம ஆல்பத்துல எதுக்கு என்றார்.

நீ நல்லா இருக்கவேண்டும், நிறைய நாள் இருக்கவேண்டும், யார் முன்னாலும் முன்வரிசையில் நிற்கவேண்டும், அப்பாவும் நானும் இதைத் தவிர வேறு ஒன்றும் கேட்பதில்லை. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன், கேமராவை மேல்கூரைக்குக் காட்டாதே, உன் பக்கம் திருப்பு. உன் பருவைப் பார்க்கமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பார்ப்பேன், ஒன்று விடாமல் பார்ப்பேன், ஏழு மாதமாகப் பார்க்கவில்லை. நடுவில் என் முகம் ஒரு சுளிப்புச் சுளித்தது என்று உனக்குப் பட்டால் அந்த நொடியே வைத்துவிடு, பால் என்று காரணம் சொல்லவேண்டாம். நான் போய் என் முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து மறுபடி கூப்பிடுகிறேன். இனி சரிசெய்துகொள்ள வேண்டியது என் முகத்தைத்தான்.

உன்னைத் தேய்த்த அதே கையால் எழுதும்,
அம்மா